கனம் குறைந்தவை

இலக்குத் தவறிய ஒரு குண்டைப் பற்றி இரண்டு விதமாகத்தான் விளக்கம் சொல்ல முடியும். குறி பார்த்தவனின் கை நடுங்கியது என்பதை இப்போதைக்கு ஒதுக்கிவிடுவோம். துப்பாக்கியைக் கட்டையோடு இறுகக் கட்டிவைத்துச் சுட்டாலும் குண்டுகள் ஒரே துளையில் போய் விழுவதில்லை. அப்படியானால் குண்டில் கோளாறு என்று சொல்லலாம். அல்லது குண்டில் கோளாறு ஏதுமில்லை, அது போகிற வழியின் இயல்பே அப்படி என்று சொல்லலாம். முதல் விளக்கம் வார்த்தவனின் கையைப் பார்க்கிறது. இரண்டாவது காற்றைப் பார்க்கிறது. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பாவின் இரண்டு பெரிய மூளைகள் இந்த இரண்டு பக்கங்களில் நின்றன. ராணுவ சரித்திரம் இதை ஓர் ஓரக்குறிப்பாக விட்டுவிட்டது. தீர்ப்புச் சொல்வதைத் தொழிலாகவோ பழக்கமாகவோ கொண்ட எவரும் யோசிக்க வேண்டிய விஷயமாக எனக்கு இது படுகிறது. ஆனால் அந்த வாதத்துக்குப் போகுமுன் குண்டு எப்படிப் பிறக்கிறது, எப்படிப் பொறுக்கப்படுகிறது என்று பார்த்துவிட வேண்டும்.

வாய் வழியாக மருந்தையும் குண்டையும் இட்டுக் கெட்டித்துச் சுடும் துப்பாக்கியை நம் பக்கத்தில் நாட்டுத் துப்பாக்கி என்கிறோம். அதற்கான உருண்டைக் குண்டு காரீயத்தில் வார்க்கப்படுவது. காரீயம் 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். வீட்டு அடுப்பே போதும். அச்சு, இடுக்கி போல இரண்டு கைகளும், மூடினால் ஒன்று சேரும் இரண்டு அரைக்கோளக் குழிகளும் கொண்டது. மேலே ஒரு துளை. கரண்டியால் ஊற்றி, ஆறவிட்டு, திறந்தால் குண்டு விழும். ஊற்றிய வாயில் ஒரு சிறு காம்பு நிற்கும். அதை நறுக்கிவிட வேண்டும். அச்சு சூடேறாமல் இருந்தால் குண்டின் மேல் சுருக்கம் விழும். இதையெல்லாம் கண்ணால் பார்த்துக் கழித்துவிடலாம்.

கண்ணுக்குத் தெரியாத குறை ஒன்று இருக்கிறது. உருகிய காரீயம் இறுகும்போது சுருங்குகிறது. அச்சின் சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும் வெளிப்பகுதி முதலில் இறுகிவிடும். உள்ளே இருப்பது கடைசியில். அப்படி இறுகும் உள்பகுதி தன் சுருக்கத்தை ஈடுகட்ட மேலே காம்பில் நிற்கும் திரவத்தைக் கேட்கும். காம்பு அதற்குமுன் இறுகிப் போயிருந்தாலோ, அவசரப்பட்டு நறுக்கப்பட்டிருந்தாலோ கேட்டது கிடைக்காது. அங்கே ஒரு குமிழி நின்றுவிடும். வெளியே பளபளப்பான முழு உருண்டை. உள்ளே ஒரு பொத்தல். உருட்டிப் பார்த்தோ, வட்டமானியால் விட்டத்தை அளந்தோ இதைக் கண்டுபிடிக்க முடியாது. தராசு ஒன்றுதான் சொல்லும்.

இன்றைக்கு அமெரிக்காவில் இந்தப் பழைய துப்பாக்கிகளைப் போட்டிக்காகச் சுடுகிறவர்கள் பரவலாக உபயோகிக்கும் அளவுகளில் ஒன்று 0.490 அங்குல விட்டமுள்ள குண்டு. சுத்தமான காரீயத்தில் அது 177 கிரெயின் எடை வரவேண்டும். 7000 கிரெயின் ஒரு பவுண்டு. கிரெயின் என்பது தானிய மணி. நம் பொற்கொல்லர்களின் குன்றிமணியைப் போல ஒரு விதையிலிருந்து வந்த நிறை. இந்தக் குண்டுக்குள் 2 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு குமிழி இருந்தால் குறையும் எடை முக்கால் கிரெயின்கூட இல்லை. 3 மில்லிமீட்டர் என்றால் இரண்டரை கிரெயின். ஆகவே நூறு குண்டுகள் வார்த்தவன் நூறையும் தனித்தனியாக நிறுக்கிறான். ஒரே எடையுள்ளவற்றை ஒரு வரிசையில் வைத்துக்கொண்டு போகிறான்.

இந்த வரிசைகளின் உருவம்தான் என்னை முதலில் நிறுத்தியது. எதை அளந்தாலும் அளவுகள் நடுவில் குவிந்து இரு பக்கமும் சமமாகச் சரியும் என்று நினைத்துப் பழகிவிட்டோம். இங்கே அப்படி நடப்பதில்லை. அச்சின் குழி கொள்வதற்கு மேல் ஒரு குண்டு கனக்க முடியாது. மூடாத அச்சில் வார்த்தது சற்றுப் பெருத்திருக்கும் என்பது உண்மை. ஆனால் அதன் இடுப்பில் விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கும், கண்ணே பிடித்துவிடும். மற்றபடி எல்லாப் பிழையும் ஒரே திசையில்தான். குண்டு இலேசாகலாம், அதிகக் கனமாக முடியாது. வரிசைகள் கனத்த பக்கத்தில் சுவர்போல் செங்குத்தாக நின்றுவிடும். இலேசான பக்கத்தில் வால்போல் நீளும். இந்த நிலையில் சராசரி எடை என்பது நல்லதும் பொத்தலும் கலந்து போட்ட எண். அதற்கு அர்த்தமில்லை. பொறுக்குகிறவன் நடுவைத் தேடுவதில்லை; உச்சியைத் தேடி, அதை ஒட்டி நிற்பவற்றை எடுத்துக்கொண்டு, வாலைத் தள்ளிவிடுகிறான்.

வங்கி எழுத்தனுக்கு இதில் ஒரு பரிச்சயம் தட்டும். 1840களில் பாங்க் ஆஃப் இங்கிலாந்தின் கவர்னராக இருந்த வில்லியம் காட்டன், தங்க சவரன்களை ஒவ்வொன்றாக நிறுத்துக் கனமானதை ஒரு பக்கமும் இலேசானதை மறு பக்கமும் தள்ளிவிடும் ஒரு யந்திரத்தை அமைத்தார். பிழை அங்கும் ஒரே திசையில்தான். ஆனால் சவரன் முழுதாகப் பிறந்து, கை மாறி மாறித் தேய்கிறது. குண்டின் குறை பிறவிக் குறை.

குண்டுக்கும் எடைக்கும் உள்ள உறவு பழையது. எங்கள் வங்கி வாசலில் காவலர் வைத்திருக்கும் துப்பாக்கியை 12 போர் என்கிறோம். அந்தப் பன்னிரண்டு அங்குலக் கணக்கல்ல. குழலுக்குள் சரியாகப் பொருந்தும் காரீய உருண்டைகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு என்று அர்த்தம். எண் கூடக் கூடக் குழல் சிறுக்கும். ஒரு துளையின் அகலத்தை அதை நிரப்பும் பொருளின் கனத்தால் சொல்லும் பழக்கம் இது. நுண்ணிய அளவுகோல் இல்லாத காலத்தில் தராசு எல்லோரிடமும் இருந்தது.

18ஆம் நூற்றாண்டில் இந்தக் குண்டுக்கு இரண்டு வாழ்க்கைகள் இருந்தன. ஒன்று பட்டாளத்தில். பிரவுன் பெஸ் என்று அழைக்கப்பட்ட பிரிட்டிஷ் மஸ்கெட்டின் குழல் சுமார் 0.75 அங்குலம், அதில் இட்ட குண்டு 0.69 அங்குலத்தை ஒட்டியது. இவ்வளவு இடைவெளியை வேண்டுமென்றே விட்டார்கள். நாலைந்து முறை சுட்டால் குழலுக்குள் மருந்துக்கரி படிந்துவிடும். அப்போதும் குண்டு தடையில்லாமல் இறங்க வேண்டும். எந்த வீரன் கையில் எந்தத் தோட்டாவைக் கொடுத்தாலும் பொருந்தும். விலை, குறி. குழலுக்குள் சுவருக்குச் சுவர் மோதிக்கொண்டு வெளியேறும் குண்டு கடைசியாக எந்தப் பக்கம் இடித்ததோ அதைப் பொறுத்து எங்காவது போகும். வரிசையாக நின்று, எதிரே வரிசையாக நிற்பவர்கள்மேல் சுடுகிற யுத்தத்தில் அது போதுமானதாக இருந்தது.

இன்னொரு வாழ்க்கை பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியக் கொல்லர்கள் செய்த ரைஃபிள்களில். குழலின் உட்சுவரில் திருகிச் செல்லும் காடிகள். குண்டு குழலைவிடச் சற்றே சிறியது. அதை எண்ணெயோ கொழுப்போ தடவிய துணித்துண்டில் பொதிந்து இறுக்கமாக உள்ளே தள்ள வேண்டும். துணி காடிகளைப் பற்றிக்கொள்ளும், குண்டு சுழன்றபடி வெளியேறும். இவை கையால் குடைந்த குழல்கள். ஒன்றைப்போல் ஒன்று இராது. ஆகவே துப்பாக்கியோடு அதற்கேயான அச்சையும் கொல்லன் சேர்த்துக் கொடுப்பான். பக்கத்து வீட்டுக்காரனின் குண்டு நமக்குப் பொருந்துமென்று நம்ப முடியாது. பட்டாளம் பொதுமையைப் பெற்றுக் குறியை இழந்தது; காட்டுக்குடியானவன் குறியைப் பெற்றுப் பொதுமையை இழந்தான்.

முதல் வாழ்க்கைக்கு அபூர்வமான ஒரு கணக்கேடு கிடைத்திருக்கிறது. 1776 ஜூலை 9ஆம் தேதி நியூயார்க்கில் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் ஈயச் சிலையைக் கூட்டம் கயிறு கட்டி இழுத்துச் சாய்த்தது. சிலையின் பெரும்பகுதி கனெக்டிகட்டின் லிட்ச்ஃபீல்ட் என்ற ஊருக்குப் போயிற்று. அங்கே ஆலிவர் வோல்காட்டின் குடும்பமும் அக்கம்பக்கத்துப் பெண்களும் அதை உருக்கிக் குண்டுகளாக்கித் தோட்டா கட்டினார்கள். யார் எவ்வளவு என்று வோல்காட் எழுதிவைத்தார். திருமதி மார்வின் 6,058. ரூத் மார்வின் 11,592. லாரா 8,378. மேரி ஆன் 10,790. ஃபிரெடெரிக் 936. திருமதி பீச் 1,802. பலர் சேர்ந்து 2,182. ஊர்ப்படைக்குக் கொடுத்தது 50, ஒரு ரெஜிமெண்டுக்குக் கொடுத்தது 300. மொத்தம் 42,088. தொழில் பழக்கத்தில் கூட்டிப் பார்த்தேன். கணக்குச் சரியாக இருக்கிறது. மேரி ஆனுக்கு அப்போது பதினோரு வயது. ஃபிரெடெரிக் அவளுக்கு இளையவன். காரீயம் குழந்தைகளின் உடலில் என்ன செய்யும் என்பதை இன்று அறிந்த நமக்கு இந்த எண்களைச் சும்மா படித்துக்கொண்டு போக முடியவில்லை.

இந்தப் பட்டியலில் எண்ணிக்கை இருக்கிறது, எடை இல்லை. மஸ்கெட்டுக்கு அது தேவைப்படவுமில்லை. அவ்வளவு தளர்வான குழலில் முக்கால் கிரெயின் குமிழி இருந்தாலென்ன, இல்லாவிட்டால் என்ன. ஒரு கருவி எவ்வளவு நேர்மையாகச் சுடுமோ அவ்வளவுக்குத்தான் அது குண்டிடமும் நேர்மையைக் கேட்கும். அமெரிக்காவில் இந்தத் துப்பாக்கிகளுக்கென்று தேசிய சங்கம் அமைந்தது 1933ல். யுத்தத்திலும் வேட்டையிலும் இவற்றின் காலம் முடிந்து இரண்டு தலைமுறை ஆனபிறகு. உயிர் பிழைக்க வேண்டியிராதவனுக்குத்தான் ஒவ்வொரு குண்டையும் நிறுக்கப் பொழுது கிடைத்தது போலும்.

இனி அந்த வாதம். பெஞ்சமின் ராபின்ஸ் 1707ல் பாத் நகரில் ஆயுதத்தை மறுக்கும் குவேக்கர் குடும்பத்தில் பிறந்தவர். ஆங்கில இலக்கியம் படித்த எனக்குப் பாடத்தில் வராத பெயர். ஆன்சன் பிரபுவின் உலகப் பயணம் பற்றி 1748ல் வெளிவந்து பிரசித்தமான நூலில் அவர் கை எவ்வளவு என்பது இன்றும் சர்ச்சை. 1742ல் அவர் வெளியிட்ட பீரங்கிக் கலை பற்றிய சிறிய நூல்தான் குண்டின் வேகத்தை முதலில் நம்பகமாக அளந்தது. தொங்கவிட்ட கனத்த கட்டையின்மேல் குண்டைச் சுட்டு, அது எவ்வளவு பின்னால் ஆடுகிறது என்பதிலிருந்து வேகத்தைக் கணக்கிட்டார். காற்றின் தடை அதுவரை எண்ணியிருந்ததைவிடப் பன்மடங்கு பெரியது என்று தெரிந்தது. இன்னொன்றும் தெரிந்தது: குண்டு மேலிருந்து கீழே மட்டும் வளைவதில்லை, பக்கவாட்டிலும் வளைகிறது. குழலில் உராய்ந்து சுழன்றபடி வெளியேறுவதால், சுழற்சியும் காற்றும் சேர்ந்து அதை ஒரு பக்கமாகத் தள்ளுகின்றன என்றார் அவர்.

பெர்லினில் லெயனார்ட் ஆய்லர் இருந்தார். 1739ல் ராபின்ஸ் அவருடைய இயக்கவியல் நூலைக் கடுமையாகத் தாக்கி எழுதியிருந்தார். ஆய்லர் அதற்குச் செய்தது கவனிக்கத்தக்கது. 1745ல் ராபின்ஸின் நூலைத் தாமே ஜெர்மனில் மொழிபெயர்த்து, மூலத்தைவிடப் பல மடங்கு நீளமான உரையும் எழுதி வெளியிட்டார். ஆங்கிலேயர்களே 1777ல் அந்த உரையைத் திரும்ப இங்கிலீஷில் பெயர்த்துப் படிக்க வேண்டியிருந்தது. நம் சிற்றிதழ்ச் சண்டைகளில் எதிராளியின் புத்தகத்தை இப்படி வாசித்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டுக்கொள்ளலாம். ஆனால் பக்கவாட்டு விலகல் விஷயத்தில் ஆய்லர் ராபின்ஸை ஒப்பவில்லை. பூரண உருண்டையான குண்டு, சுழன்றாலும், பக்கமாகத் தள்ளப்பட முடியாது. விலகினால் அதற்குக் காரணம் குண்டின் வடிவத்திலுள்ள ஒழுங்கின்மையே என்று தீர்த்துவிட்டார். வார்த்தவன்மேல் பழி.

ராபின்ஸ் செய்த சோதனை எளிமையானது. ஒரு துப்பாக்கிக் குழலின் நுனியைச் சற்று இடப்பக்கமாக வளைத்தார். குண்டு போகும் பாதையில் மெல்லிய காகிதத் திரைகளை நிறுத்தினார். வளைந்த குழலின் வலச்சுவரில் உராய்ந்து குண்டு ஒரு குறிப்பிட்ட விதமாகத்தான் சுழன்றாக வேண்டும். அது இடப்பக்கமாகக் கிளம்பி, போகப் போக வலப்பக்கமாகத் திரும்பியது; காகிதங்களில் விழுந்த துளைகள் அதைக் காட்டின. குழல் காட்டிய திசைக்கு எதிர்த்திசையில். இந்தச் சோதனையின் சாரம் எனக்கு இதுவாகப் படுகிறது: பிழை குண்டின் உள்ளே இருந்தால் அது ஒருமுறை இந்தப் பக்கமும் ஒருமுறை அந்தப் பக்கமும் போகும். முன்கூட்டியே சொல்லிவிட்டு, சொன்ன பக்கமே விலக வைக்க முடிந்தால் அது பிழையல்ல, நியதி.

1747ல் ராயல் சொசைட்டியில் வாசித்த கட்டுரையில் அவர் காடியிட்ட குழலுக்கு வாதாடினார். காடி சுழற்சியை நிறுத்துவதில்லை. சுழலும் அச்சைப் போகிற திசையோடு ஒன்றாக்குகிறது. பக்கத்துத் தள்ளல் அற்றுப்போகிறது. காட்டுக்குடியானவனின் கொல்லன் கையால் அறிந்திருந்ததை ராபின்ஸ் காரணத்தோடு அறிந்தார். இருந்தும் ஆய்லரின் பெயர் பெரியது. 1852ல் மாக்னஸ் என்ற ஜெர்மானியர் இதே விளைவை ஆராய்ந்து எழுதினார்; இன்றும் அது அவர் பெயரால்தான் வழங்குகிறது. கிரிக்கெட்டில் சுழற்பந்து காற்றில் நகர்வதைப் பற்றிப் பேசும்போதும் அந்தப் பெயரைத்தான் சொல்கிறோம்.

ராபின்ஸ் நம் கரையில் வந்து இறந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி தன் கோட்டைகளைச் சீர்படுத்த அவரைத் தலைமைப் பொறியாளராக அனுப்பியது. 1750ல் வந்தார். 1751 ஜூலை கடைசியில் கடலூரை ஒட்டிய செயின்ட் டேவிட் கோட்டையில் காய்ச்சலில் முடிந்துபோனார். அடுத்த மாதம் கிளைவ் ஆற்காட்டை நோக்கிப் படை நடத்தினான். குண்டு ஏன் விலகுகிறது என்று காற்றைக் கேட்ட மனிதன் யார் சம்பளத்தில் இங்கு வந்தான் என்பதையும் சேர்த்தே நாம் நினைக்க வேண்டும். அறிவின் நேர்மை அதன் எஜமானனைச் சுத்தப்படுத்திவிடுவதில்லை.

இப்போது பொறுக்குகிறவனிடம் திரும்பலாம். அவன் தோளில் சாய்வது ராபின்ஸின் குழல். மேஜையில் இருப்பது ஆய்லரின் சந்தேகம். இரண்டும் அவனுக்கு வேண்டியிருக்கின்றன. குமிழி நடுவில் இல்லாத குண்டு, எவ்வளவு நல்ல காடியில் சுழன்றாலும், வாயை விட்டதும் ஒரு பக்கமாக எறியப்படும். அதை முதலில் தள்ளினால்தான் மீதியிருக்கும் விலகல் காற்றுடையதா, மருந்தினுடையதா, தன் கையுடையதா என்று அவனால் கேட்க முடியும். காம்பை அவன் நடத்தும் விதமும் பார்க்கத்தக்கது. நறுக்கிய தழும்பு எல்லாக் குண்டிலும் உண்டு. அதை ஒழிக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு முறையும் தழும்பை நேர் மேலே, குழலின் மையத்தில் நிற்கும்படி வைக்கிறான். தெரிந்த குறைக்கு ஓர் இடம் கொடுத்துவிட்டால் அது தொந்தரவு செய்வதில்லை. எங்கே இருக்கிறதென்று தெரியாத குறைக்குத்தான் தராசு.

பழைய போர்க்களங்களில் இந்தத் தராசு இன்னொரு வேலையும் செய்கிறது. நியூஜெர்சியில் மன்மவுத் என்ற இடத்தில் 1778ல் நடந்த சண்டையின் குண்டுகளை ஆராய்ந்த டேனியல் சிவிலிச் 1996ல் ஒரு சூத்திரம் வெளியிட்டார். மோதி நசுங்கிய குண்டுக்கு விட்டம் கிடையாது. எடை மட்டும் மிச்சம். எடையின் கனமூலத்தை 0.223204ஆல் பெருக்கினால் அங்குலத்தில் பழைய விட்டம் வரும், எடை கிராமில் இருந்தால். அது பிரிட்டிஷ் குண்டா, அதைவிடச் சிறிய பிரெஞ்சு மஸ்கெட்டின் குண்டா என்று சொல்லிவிடலாம். குறையில்லாத சுத்தக் காரீயத்துக்கு அந்த எண் என்னவாக இருக்கும் என்று போட்டுப் பார்த்தேன்: 0.217 வருகிறது. வித்தியாசம் சிறிது. ஆனால் அந்தச் சிறு வித்தியாசத்துக்குள்தான் கலப்படமும், மண்ணில் கிடந்த காலமும், மேரி ஆன் போன்றவர்கள் அவசரத்தில் வார்த்த குமிழிகளும் இருக்கின்றன. பொறுக்குகிறவன் தள்ளிய வாலைச் சரித்திரக்காரன் தன் எண்ணுக்குள் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவனுக்கு உச்சி உதவாது.

நமக்குள் கவிதை பற்றி நடக்கும் பேச்சில் இந்த மூன்று காரியங்களும் குழம்பிக் கிடக்கின்றன. ஒரு கவிதை சேர வேண்டிய இடத்தில் சேராவிட்டால் உடனே எழுதியவன் கையைப் பார்க்கிறோம். ஒரு தலைமுறையே ஒரே பக்கமாக விலகும்போதும் ஆளுக்கொரு குறை தேடிக்கொண்டிருக்கிறோம். மொழியில் என்ன காற்று வீசுகிறது என்று கேட்பதில்லை. இதன் மறுபக்கமும் உண்டு. காலம், சமூகம், மரபு என்று காற்றின்மேல் பழியைப் போட்டுப் பொத்தல்களைக் காப்பாற்றுகிறவர்கள் குறைவல்ல. இவை போதாதென்று, வந்ததையெல்லாம் கூட்டிச் சராசரி எடுத்து அதையே தரம் என்று சொல்கிற பட்டியல்கள். எடை போடுகிறவன் சராசரியை நம்பக் கூடாது. சரித்திரம் எழுதுகிறவன் உச்சியை மட்டும் பார்க்கக் கூடாது. விலகலுக்குக் காரணம் சொல்கிறவன் அது திரும்பத் திரும்ப ஒரே பக்கம் போகிறதா என்று பார்க்காமல் வாய் திறக்கக் கூடாது. ஒரே ஆள் மூன்றையும் செய்ய நேரலாம். எந்த நேரத்தில் எதைச் செய்கிறோம் என்பது தெரிந்திருந்தால் போதும்.

தள்ளிய குண்டுகளை யாரும் வீசி எறிவதில்லை. அடுத்த முறை அடுப்பு மூட்டும்போது அவை மறுபடி உருக்கும் சட்டிக்கே போகின்றன. உள்ளே இருந்த குமிழி அங்கே இல்லாமல் போய்விடும். காரீயத்தில் ஒரு குறையும் இருந்ததில்லை.